இருபாலருக்கும் பொதுவான மரவாசனைத் திரவியங்கள்: சந்தனத்தின் வரலாறும் அணிபவர் ஆளுமையும்

மரவாசனைத் திரவியங்கள் என்பவை சந்தனம், அகில், தேவதாரு, வெட்டிவேர் முதலியவற்றின் மணத்தை அடிப்படையாகக் கொண்டு செய்யப்படும் வாசனைப் பொருள்கள் ஆகும். இன்றைய சந்தையில் இவற்றுள் பல, ஆண், பெண் இருபாலரும் பூசத்தக்கவை என்ற குறிப்புடன் 'யுனிசெக்ஸ்' என்னும் பெயரில் விற்கப்படுகின்றன. இவற்றைப் பூசுபவர் அமைதியானவர், தன்னம்பிக்கை உடையவர், பிறரைப் பின்பற்றாதவர் என்பன போன்ற ஆளுமை விளக்கங்களும் விளம்பரங்களில் சேர்க்கப்படுகின்றன.

ஒரு மணத்திற்கு ஆண் மணம், பெண் மணம் என்ற பிரிவு எப்போது வந்தது? பூசும் மணத்தைக் கொண்டு ஒருவருடைய குணத்தை அறிய முடியுமா? இவ்விரு கேள்விகளுக்கும் சந்தனத்தின் வரலாறு தெளிவான விடைகளைத் தருகிறது. அந்த மணத்திற்காக ஒரு மரம் என்ன விலை கொடுத்தது என்பதையும் அதே வரலாறு காட்டுகிறது.

மரவாசனை என்றால் என்ன?

வாசனைத் திரவியம் செய்வோர் மணங்களைப் பல குடும்பங்களாகப் பிரிப்பர். மைக்கேல் எட்வர்ட்ஸ் என்பவர் வகுத்த, இன்று பரவலாக வழங்கும் பகுப்பில் மலர் மணம், அம்பர் மணம், மர மணம், புத்துணர்வு மணம் ஆகிய நான்கும் முதன்மையானவை.

எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவற்றின் மணம் பூசியவுடன் எழுந்து விரைவில் மறைந்துவிடும். இது உச்ச மணம் எனப்படும். மலர் மணங்கள் பெரும்பாலும் இடை மணங்கள். மர மணம் மெதுவாக எழுந்து பல மணி நேரம் நிற்பதால் அடி மணம் எனப்படுகிறது. இதற்குக் காரணம் மூலக்கூறின் பருமன். எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனின் 10 கார்பன் அணுக்களைக் கொண்டது. சந்தன எண்ணெயின் முக்கியக் கூறான சந்தலால் 15 கார்பன் அணுக்களைக் கொண்டது. பருமனான மூலக்கூறு மெதுவாகவே ஆவியாகும். காலையில் இட்ட சந்தனம் மாலையிலும் மணப்பது இதனால்தான்.

வெட்டிவேர் மரம் அன்று; அது ஒரு புல்லின் வேர். ஆயினும் அதன் மணம் மண்ணும் மரமும் கலந்ததுபோல் இருப்பதால் மர மணக் குடும்பத்திலேயே வைக்கப்படுகிறது. பிரெஞ்சு, ஆங்கிலம் உள்ளிட்ட மொழிகளில் வழங்கும் 'வெட்டிவர்' என்னும் பெயர் நம் தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றதாகும்.

இந்திய மரபில் பொது மணம்

சங்க இலக்கியத்தில் சந்தனம் ஆரம், சாந்தம், சாந்து எனப் பல பெயர்களால் குறிக்கப்படுகிறது. மன்னரும் வீரரும் மார்பில் சந்தனம் பூசினர். மகளிர் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பால் தொய்யில் எழுதினர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்திற்கு வந்து சேர்ந்த பொருள்களைக் கூறும் பட்டினப்பாலை, மேற்கு மலையின் சந்தனத்தையும் அகிலையும் அப்பட்டியலில் சேர்க்கிறது. பொதிகை மலைச் சந்தனம் இலக்கியத்தில் பெரும்புகழ் பெற்றது. பூசும் இடமும் முறையும் வேறுபட்டனவே தவிர, சந்தனம் இன்ன பாலாருக்கு உரியது என்ற வரையறை அங்கு இல்லை.

கி.பி. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையில் வாசனைப் பொருள்களைக் கலக்கும் முறைக்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கியுள்ளார். 16 மணப் பொருள்களிலிருந்து நான்கு நான்காகத் தேர்ந்தெடுத்தால் 1,820 சேர்க்கைகள் கிடைக்கும் என அதில் கணக்கிடப்பட்டுள்ளது. இன்று மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் சேர்மானம் என்னும் பாடத்தில் செய்யும் கணக்கு இதுவே. செய்து பார்த்தால் அதே விடை வரும்.

முகலாயர் காலத்தில் அத்தர் தொழில் செழித்தது. அக்பரின் ஆட்சியை விவரிக்கும் அபுல் பசலின் அயினி அக்பரியில் வாசனைப் பொருள்கள் பற்றித் தனிப்பகுதி உண்டு. உத்தரப் பிரதேசத்தின் கன்னோசி நகரில் இன்றும் பழைய முறையில் அத்தர் இறக்கப்படுகிறது. செப்புக் கொப்பரையில் மலரும் நீரும் இட்டு, களிமண்ணால் வாயை அடைத்து, அடியில் நெருப்பு மூட்டுவர். எழும் ஆவி மூங்கில் குழாய் வழியாகச் சென்று, தண்ணீரில் அமிழ்ந்திருக்கும் மற்றொரு செப்புக் கலத்தில் குளிரும். அக்கலத்தில் முன்னதாகவே சந்தன எண்ணெய் ஊற்றி வைத்திருப்பது மரபு. மலரின் மணத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே ரோசா அத்தரோ மல்லிகை அத்தரோ எதுவாயினும் மரபுமுறையில் அதன் அடியில் இருப்பது சந்தனமே.

தமிழ்நாட்டுத் திருமண வீடுகளின் வாயிலில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் வைத்து வருவோரை வரவேற்கும் வழக்கம் இன்றும் உள்ளது. நாகூர் தர்கா கந்தூரி விழாவின் சந்தனக்கூடு ஊர்வலத்தில் எல்லாச் சமயத்தாரும் கலந்துகொள்கின்றனர். கோயில், தர்கா, கல்யாண வீடு என எங்கும் சந்தனம் எல்லோருக்கும் பொது.

ஐரோப்பாவில் ஏற்பட்ட பிரிவு

ஐரோப்பாவிலும் தொடக்கத்தில் இப்பிரிவு அழுத்தமாக இல்லை. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அரசவையில் ஆண்களும் பெண்களும் ஒரே வகையான வாசனைகளைப் பூசினர். செருமனியின் கொலோன் நகரில் 1709இல் தொழில் தொடங்கிய பரினா குடும்பத்தின் 'கொலோன் நீர்' இருபாலரும் பயன்படுத்திய பொருள். பேரரசர் நெப்போலியன் கொலோன் நீரைப் பெருமளவில் பயன்படுத்தியவர்.

19ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. தொழில் வளர்ச்சியால் உருவான நடுத்தர வகுப்பு, ஆண் என்பவன் எளிமையான கருப்பு உடையும் சோப்பு மணமுமாக இருக்க வேண்டும் என எண்ணியது. மலர் மணம் பெண்களுக்கு உரியதாயிற்று. மரம், புகையிலை, தோல், பாசி ஆகியவற்றின் மணம் ஆண்களுக்கென ஒதுக்கப்பட்டது.

வேதியியலின் வளர்ச்சியும் இதே காலத்தில் நிகழ்ந்தது. வில்லியம் பெர்க்கின் 1868இல் கூமரின் என்னும் மணப்பொருளைச் செயற்கையாகத் தயாரித்தார். அதைப் பயன்படுத்தி 1882இல் ஊபிகான் நிறுவனத்தின் 'பூசேர் ரோயால்' வெளிவந்தது. அதன் வழியில் தோன்றிய மணக் குடும்பம் பின்னாளில் ஆண்களுக்குரியதாகவே கருதப்பட்டது. 1889இல் கெர்லான் நிறுவனம் வெளியிட்ட 'ஜிக்கி' இருபாலராலும் பூசப்பட்டது.

இந்தப் பிரிவு இயற்கையானது அன்று என்பதற்கு மூன்று சான்றுகள் போதும். முதலாவது, 1926இல் ஷனேல் நிறுவனத்திற்காக எர்னஸ்ட் போ உருவாக்கிய 'புவா தெ சில்'. சந்தனத்தை முதன்மையாகக் கொண்ட இது பெண்களுக்கென விற்கப்பட்டது. இரண்டாவது, 'ஓல்டு ஸ்பைஸ்'. ஆண்களின் அடையாளமாக இன்று அறியப்படும் இப்பெயர் 1937இல் அமெரிக்காவில் முதலில் பெண்களுக்கான பொருளாகவே அறிமுகமானது. ஆண்களுக்கானது அதற்கு அடுத்த ஆண்டில்தான் வந்தது. மூன்றாவது, வெட்டிவேர். தமிழ்நாட்டில் பெண்கள் கூந்தல் தைலத்திலும் குடிநீர்ப் பானையிலும் இட்டு வந்த இந்த வேரின் மணம், 1950களின் இறுதியில் பாரிசில் ஆண்களுக்கான கொலோன்களாகப் புட்டியில் அடைக்கப்பட்டது. மணம் எதுவும் மாறவில்லை. புட்டியின் வடிவமும் விளம்பரப் படமுமே மாறின.

மைசூர் எண்ணெய்

ஐரோப்பிய வாசனைத் தொழிலின் உயர்ந்த சந்தனம் மைசூரிலிருந்து சென்றது. திப்பு சுல்தான் 1792இல் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். அதாவது மரம் எங்கு வளர்ந்தாலும் அது அரசுக்கே உரியது. பின்னர் வந்த மைசூர் அரசும் இவ்வுரிமையைத் தொடர்ந்தது.

முதலாம் உலகப் போருக்கு முன்பு மைசூர்ச் சந்தனக் கட்டைகள் பெருமளவில் செருமனி முதலிய நாடுகளுக்கு ஏற்றுமதியாகி, அங்கே எண்ணெய் எடுக்கப்பட்டன. 1914இல் போர் மூண்டதும் அந்த வணிகம் நின்று, கட்டைகள் தேங்கின. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் மோ. விசுவேசுவரய்யாவும் எண்ணெயை இங்கேயே எடுக்க முடிவு செய்தனர். தொழில்துறையை நடத்திய ஆல்பிரட் சாட்டர்டன் அதற்கு உதவினார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் சட்பரோ, வாட்சன் ஆகியோர் எண்ணெய் வடிக்கும் முறையை வகுத்தனர். 1916இல் பெங்களூரில் எண்ணெய் உற்பத்தி தொடங்கியது. அடுத்து மைசூரில் ஆலை அமைந்தது.

இங்கிலாந்து சென்று பயின்று வந்த சோ. க. சாஸ்திரி என்னும் வேதியியலாளரின் உழைப்பால் அரசு சோப்பு ஆலை உருவாகி, மைசூர் சாண்டல் சோப்பு பிறந்தது. தூய சந்தன எண்ணெய் சேர்ந்த அந்தச் சோப்பைக் குடும்பத்தில் தாத்தா முதல் பேத்தி வரை அனைவரும் பயன்படுத்தினர். இருபாலருக்கும் பொதுவான மரவாசனைப் பொருள் ஒன்று, அப்படி ஒரு பெயரே இல்லாமல், நூறாண்டுக்கு மேலாக நம் குளியலறையில் இருந்து வருகிறது.

மீண்டும் பொதுவான மணம்

1992இல் ஜப்பானின் ஷிசெய்டோ நிறுவனம் 'பெமினித்தே து புவா' என்னும் திரவியத்தை வெளியிட்டது. 'மரத்தின் பெண்மை' என்பது அப்பெயரின் பொருள். செர்ஜ் லுத்தான் என்பவரின் கருத்தில் உருவான இதன் மையம் மொராக்கோவின் அட்லசு மலைத் தேவதாரு. ஆண் மணம் எனக் கருதப்பட்ட தேவதாருவைப் பெண்களுக்கான திரவியத்தின் நடுவில் வைத்தது அன்று துணிவான செயல். 1994இல் வந்த 'சிகே ஒன்', ஆண், பெண் இருவருக்கும் என வெளிப்படையாக அறிவித்து உலகெங்கும் விற்பனையானது.

இந்த வரிசையில் அதிகம் பேசப்பட்டது 'சாண்டல் 33'. 2006இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட லெ லாபோ என்னும் சிறு நிறுவனம் இதை 2011இல் வெளியிட்டது. பிராங்க் வோல்க்கல் இதனை உருவாக்கினார். ஆஸ்திரேலியச் சந்தனம், தேவதாரு, ஏலக்காய், ஐரிசு, வயலட், தோல் மணம் ஆகியவை இதில் உணரப்படுகின்றன. பெயரில் உள்ள எண், சேர்ந்துள்ள பொருள்களின் எண்ணிக்கையைக் குறிக்கிறது.

நிறுவனம் இதற்குக் கொடுத்த விளக்கம் கவனிக்கத்தக்கது. அமெரிக்க மேற்குச் சமவெளி, மாலை வானம், நெருப்பின் முன் தன் குதிரையுடன் அமர்ந்திருக்கும் தனி மனிதன் எனப் பழைய சிகரெட் விளம்பரத்தின் காட்சியே அதில் நினைவூட்டப்பட்டது. இது முழுக்க ஆண்மையின் படம். ஆயினும் திரவியம் இருபாலருக்கும் என விற்கப்பட்டு, பெண்களும் பெருமளவில் வாங்கினர். வாங்குபவர் விரும்பினால் அவருடைய பெயரைப் புட்டியின் லேபிளில் அச்சிட்டுத் தருவதும் அந்நிறுவனத்தின் வழக்கம். 'இது உங்களுக்கே உரியது' என்பதே அதன் செய்தி.

நிகழ்ந்ததோ அதற்கு மாறானது. சில ஆண்டுகளுக்குள் நியூயார்க்கின் விடுதி, அலுவலகம், மின்தூக்கி என எங்கும் அதே மணம் வீசுவதாகப் பத்திரிகைகள் எழுதின. 2014இல் லெ லாபோவை எஸ்டே லாடர் என்னும் பெருநிறுவனம் வாங்கியது. தனித்தன்மையின் அடையாளமாக வாங்கப்பட்ட மணம், ஒரு வட்டத்தாரின் சீருடை ஆகிவிட்டது.

அணிபவரின் ஆளுமையை மணம் காட்டுமா?

மர மணத்தை விரும்புவோர் நிதானமானவர், ஆழமானவர், சுதந்திரமானவர் என்று கூறும் விளக்கங்களைப் படிக்கும்போது பலருக்கும் 'ஆம், இது நான்தான்' என்று தோன்றும். இதற்கு உளவியலில் ஒரு விளக்கம் உண்டு. பெர்ட்ரம் போரர் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1948இல் தம் மாணவர்களுக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி முடிவு என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லாத் தாள்களிலும் இருந்தது ஒரே பத்தி. சோதிட நூலிலிருந்து எடுக்கப்பட்ட பொதுவான வாக்கியங்கள். வாசனைத் திரவிய விளம்பரத்தின் ஆளுமை விளக்கமும் இவ்வகையைச் சேர்ந்ததே.

ஒரே பொருளை எல்லோரும் ஒரே மாதிரி முகர்வதும் இல்லை. மூக்கிலுள்ள மண ஏற்பிகளின் மரபணுக்களை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் ஆகியோருக்கு 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஏற்பிகள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. ஆண்ட்ரோஸ்டினோன் என்னும் ஒரே பொருள் சிலருக்கு இனிப்பாகவும், சிலருக்குச் சிறுநீர் நாற்றமாகவும் தோன்றும். சிலருக்கு மணமே தெரியாது. ஒரு மண ஏற்பியின் மரபணு வேறுபாடு இதற்குக் காரணம் என 2007இல் காட்டப்பட்டது. சாண்டல் 33ஐச் சிலர் இனிய சந்தனமாகவும் வேறு சிலர் வெள்ளரி ஊறுகாயாகவும் உணர்வதாகக் கூறுவதுண்டு.

மேலும், மண உணர்வு மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுடன் நெருங்கிய தொடர்புடையது. எந்த மணத்தை எந்தச் சூழலில் முதலில் அறிந்தோமோ அதற்கேற்ப அதன் பொருள் அமைகிறது. சந்தனம் ஒருவருக்குக் கோயில் கருவறை. மற்றொருவருக்குத் துக்க வீட்டில் எரிந்த ஊதுபத்தி. பாரிசில் ஒருவருக்கு அது கடைவீதிக் கண்ணாடிப் புட்டி. மரத்திற்கு இவற்றுள் எதுவும் தெரியாது.

எனவே மணம் ஒருவரின் பிறவிக் குணத்தைக் காட்டுவதில்லை. அவர் எங்கே வளர்ந்தார், எதை நினைவில் வைத்திருக்கிறார், பிறர் தம்மை எப்படிக் காண வேண்டும் என விரும்புகிறார் என்பவற்றை ஓரளவு காட்டலாம். இதுவும் ஆளுமையின் ஒரு பகுதிதான்; ஆனால் அது புட்டிக்குள் இல்லை, பூசுபவரிடமே உள்ளது.

மரம் கொடுத்த விலை

சந்தனம் ஓர் அரை ஒட்டுண்ணி. தன் வேர்களால் அருகிலுள்ள செடிகளின் வேர்களைப் பற்றி நீரும் சத்தும் பெறுகிறது. மணம் அதன் வெளிக்கட்டையில் இல்லை. நடுவிலுள்ள வைரத்திலும் வேரிலும் மட்டுமே உள்ளது. வைரம் நன்கு முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். வேரில் எண்ணெய் மிகுதியாக இருப்பதால் மரத்தை அடியோடு வெட்டாமல் வேரோடு அகழ்ந்தெடுப்பது வழக்கம்.

அரச மரம் என்ற சட்டம் காப்பதற்கென வந்ததாயினும் ஒரு தீய விளைவும் ஏற்பட்டது. தம் நிலத்தில் முளைத்த சந்தனம் தமக்கு உரியது அன்று. திருடு போனால் பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் தாம் என்ற நிலையில், உழவர்கள் கன்றைப் பார்த்தவுடன் பிடுங்கி எறிந்தனர். 1899இல் குடகில் முதன்முதலாகக் குறிக்கப்பட்ட சந்தனக் கூர்முனை நோய் ஏராளமான மரங்களை அழித்தது. கர்நாடகக் காடுகளிலும் தமிழ்நாட்டின் சத்தியமங்கலம், சவ்வாது மலைப் பகுதிகளிலும் கடத்தல் பெருகியது. 2004இல் கொல்லப்பட்ட வீரப்பனின் பெயரோடு இக்கடத்தல் பிணைந்துள்ளது. அதில் காவலர்களும் வனத்துறையினரும் உயிரிழந்தனர்; மலைவாழ் மக்களும் பெருந்துன்பம் அடைந்தனர். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998இல் சந்தனத்தை அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டது.

கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் சட்டத்தைத் திருத்தி, தனியார் நிலத்திலுள்ள சந்தனத்தின் உரிமையை நில உரிமையாளருக்கு வழங்கின. இன்று பல உழவர்கள் சந்தனம் நடுகின்றனர். ஆனால் மரம் முற்றும்வரை இரவும் பகலும் காவல் காப்பது அவர்களுக்குப் பெரும் சுமையாகவே உள்ளது. கேரளத்தின் மறையூரில் இயற்கைச் சந்தனக் காடு கடும் காவலுடன் பேணப்படுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் இந்தியச் சந்தனம் பெருந்தோட்டங்களாக வளர்க்கப்படுகிறது. வாசனைத் தொழிலில் செயற்கைச் சந்தன மணப்பொருள்கள் பரவலாகப் பயன்படுகின்றன. 'சந்தனம்' என்று எழுதப்பட்ட பல புட்டிகளில் இன்று இருப்பது ஆய்வகத்தில் பிறந்த மணமே.

முடிவாக

சந்தனத்தை ஆண், பெண் எனப் பிரிக்காமல் பூசிய மரபு நம்முடையது. ஐரோப்பிய வணிகம் அதைப் பிரித்து, பின்னர் புதுமை என்ற பெயரில் மீண்டும் சேர்த்து விற்றது. இரண்டு நிலையிலும் மணம் ஒன்றே. அதைப் பூசுபவர் எத்தகையவர் என்பதை லேபிள் சொல்லாது. ஆனால் தான் பூசும் சந்தனம் எங்கிருந்து வந்தது, யார் காத்த மரம் அது, அதற்குப் பதிலாக ஒரு கன்றாவது நடப்பட்டதா என்று கேட்பவர், தம்மைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறார்.